சட்டமும் சிரிப்பும்: ஈலிங் படங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு சமுதாயம் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அதன் சோக நாடகங்கள் சொல்லும். எதற்கு மனமுவந்து கட்டுப்படுகிறது, எதற்கு வேண்டா வெறுப்பாகக் கட்டுப்படுகிறது என்பதை அதன் ஹாஸ்யங்களே சொல்லும். இரண்டாம் உலக யுத்தத்தில் வெற்றி பெற்ற தேசமாக இருந்தும், ரொட்டிக்கும் துணிக்கும் பங்கீட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வரிசையில் நின்ற பிரிட்டனில், 1947 முதல் 1955 வரை, லண்டனின் மேற்குப் புறத்திலுள்ள ஈலிங் என்னும் பகுதியில் இயங்கிய சிறியதொரு ஸ்டூடியோவிலிருந்து வெளிவந்த சிரிப்புப் படங்கள் சில, இந்த உண்மைக்குத் தக்க சான்றுகளாக இன்றும் நிலைத்திருக்கின்றன.

இப்படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'மென்மையான நகைச்சுவை' என்ற ஒரே தொடரைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். விசித்திரப் போக்குள்ள கிழவிகள், நல்ல மனம் படைத்த கடைக்காரர்கள், அசட்டுத் திருடர்கள், பனி படர்ந்த தெருக்கள் ஆகியவை சேர்ந்த ஓர் இதமான சித்திரமே பலருடைய நினைவில் தங்கியிருக்கிறது. அந்த இதம் உண்மைதான். ஆயினும் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, வெளிவந்த கால வரிசையிலேயே வைத்து நோக்கினால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வினா ஓடிக்கொண்டிருப்பது புலனாகும். சர்க்காரின் சட்டமும் ஜனங்களின் நியாய உணர்ச்சியும் மாறுபடும்போது மனிதன் எந்த எல்லை வரை செல்லலாம், அப்படிச் செல்வதற்கு உரிய விலையை யார் கொடுப்பது என்பதே அவ்வினா. அதற்கு ஈலிங் கலைஞர்கள் அளித்த விடைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறிவந்த விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்தாபனமும் அதன் தலைவரும்

ஈலிங்கில் 1902-ஆம் ஆண்டிலேயே வில் பார்க்கர் என்பவர் மௌனப் படங்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார். பேசும் படத்துக்கான கட்டடங்கள் 1931-இல் எழுந்தன. 1938-இல் ஸ்டூடியோவின் பொறுப்பு மைக்கேல் பால்கனிடம் வந்தது. பர்மிங்ஹாம் நகரில், குடியேறிய யூதக் குடும்பமொன்றில் 1896-இல் பிறந்த பால்கன், ஹாலிவுட்டின் எம். ஜி. எம். நிறுவனத்துக்காக இங்கிலாந்தில் படமெடுத்த அனுபவத்தில் மனக்கசப்பு அடைந்து, அமெரிக்கச் சந்தையை நாடிப் போகாமல் தம் நாட்டு மக்களின் இயல்பைத் தம் நாட்டு மக்களுக்கே காட்டும் படங்களை எடுப்பதென்ற உறுதியோடு ஈலிங்குக்கு வந்தவர்.

அவர் அங்கே உருவாக்கிய அமைப்பு விசேஷமானது. எழுத்தாளர், டைரக்டர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் எனப் பலரும் ஒப்பந்த அடிப்படையில் பல்லாண்டுகள் சேர்ந்தே பணியாற்றினார்கள்; வட்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் விமரிசித்தார்கள்; கூட்டுணர்ச்சியே ஸ்டூடியோவின் பெருமை என்ற வாசகம் அங்கே சுவரில் எழுதப்பட்டிருந்தது. சார்லஸ் கிரைட்டனும் ராபர்ட் ஹாமரும் படத்தொகுப்பு அறையில் பயின்று டைரக்டர்களாக உயர்ந்தவர்கள். அலெக்ஸாண்டர் மக்கெண்ட்ரிக் விளம்பரத் துறையிலிருந்து வந்து, காட்சிகளைச் சித்திரமாக வரைந்து கொடுக்கும் வேலையில் தொடங்கியவர். கதாசிரியர் டி. இ. பி. கிளார்க், பத்திரிகையாளராக இருந்து, யுத்த காலத்தில் லண்டன் போலீஸ் படையிலும் சேவை செய்தவர்.

யுத்த ஆண்டுகளில் இவர்கள் எடுத்தவை பெரும்பாலும் தேச நெருக்கடியில் சாதாரண மனிதர்கள் ஒன்றுகூடிச் செயலாற்றும் கதைகளே. 1943-இல் வெளிவந்த 'சான் டெமெட்ரியோ லண்டன்', பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாகி எரிந்த எண்ணெய்க் கப்பலை, கைவிட்டுப் போன மாலுமிகளே திரும்ப ஏறி மீட்டுக் கொண்டுவந்த உண்மைச் சம்பவத்தைச் சொல்வது. இந்தப் பயிற்சியை மறந்துவிட்டால் பின்னால் வந்த ஹாஸ்யப் படங்களின் உயிர்நாடியை நாம் உணர முடியாது. அபாயத்தில் பிறந்த அந்த ஒற்றுமை அமைதிக் காலத்திலும் நீடிக்குமா என்ற கேள்வி, 1945-இல் தொழிற்கட்சியைப் பெரும்பான்மையோடு அரசில் அமர்த்திய மக்கள் அனைவருடைய மனத்திலும் இருந்த கேள்வி. ஈலிங் கலைஞர்களில் பலரும் அக்கட்சிக்கு வாக்களித்தவர்களே. ஆட்சி மாறியது, கட்டுப்பாடுகள் மாறவில்லை. யுத்தத்தின்போதுகூடப் பங்கீடு செய்யப்படாத ரொட்டி, 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்கு உட்பட்டது. இறைச்சி மீதிருந்த கட்டுப்பாடு 1954 ஜூலையில்தான் நீங்கியது.

இந்தச் சூழ்நிலையில் 1947-இல் கிளார்க் எழுத, கிரைட்டன் இயக்கிய 'ஹியூ அண்ட் கிரை' என்ற படம் வந்தது. சிறுவர் பத்திரிகையில் வரும் தொடர்கதையைத் திருடர்கள் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்துவதை ஒரு சிறுவன் கண்டுபிடிக்கிறான். பெரியவர்கள் நம்பாதபோது, லண்டன் சிறுவர்களையே சேனையாகத் திரட்டிக்கொண்டு அவன் திருடர்களை மடக்குகிறான். குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் நடுவே, உண்மையான இடிபாடுகளிலேயே படமாக்கப்பட்ட அந்தக் காட்சிகளில், அழிவின் சின்னங்களான பள்ளங்களும் மதில்களும் பிள்ளைகளின் விளையாட்டுக் களமாக மாறுகின்றன. நூற்றுக்கணக்கான சிறுவர்கள் நாலா திசைகளிலிருந்தும் ஓடிவரும் முடிவில், ஈலிங் ஹாஸ்யத்தின் முதல் சித்தாந்தம் வெளிப்பட்டுவிட்டது: எளியோர் கூடினால் எதுவும் ஆகும்.

1949: சட்டத்துக்கு விடுமுறை

1949-ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான குறுகிய காலத்தில் ஈலிங்கிலிருந்து மூன்று படங்கள் வெளிவந்தன. அவற்றுள் முதலாவது, ஹென்றி கொர்னீலியஸ் இயக்கிய 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. வெடிக்காமல் கிடந்த ஜெர்மன் குண்டு ஒன்று ஒருநாள் வெடிக்க, பூமிக்கடியிலிருந்து ஒரு புதையலும், நான்காம் எட்வர்ட் மன்னர் அப்பகுதியைப் பர்கண்டிக் கோமகனுக்கு உரிமையாக்கிய பழைய சாசனமும் வெளிப்படுகின்றன. ஆகவே பிம்லிகோவின் அந்தச் சிறு பகுதி சட்டப்படி இங்கிலாந்தே அல்ல என்று தெரிந்ததும், ஜனங்கள் பங்கீட்டுப் புத்தகங்களைக் கிழித்தெறிகிறார்கள். மதுக்கடை, விதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டியும் திறந்திருக்கிறது. யுத்த காலத்தில் கனடாவில் தஞ்சம் புகுந்திருந்த நெதர்லாந்தின் இளவரசி ஜூலியானாவுக்கு 1943-இல் குழந்தை பிறந்தபோது, அக்குழந்தை அந்நிய மண்ணில் பிறந்ததாக ஆகிவிடக் கூடாதென்று, ஆட்டவா நகர மருத்துவமனையின் பிரசவ அறை கனடாவின் எல்லைக்குப் புறம்பானதாக அறிவிக்கப்பட்டது. இச்செய்தியே இப்படத்தின் கதையை எழுதிய கிளார்க்கின் கற்பனைக்கு வித்து.

பலர் நினைவில் நிற்பது பிம்லிகோ மக்கள் கொண்டாடிய அந்த ஓர் இரவுதான். ஆனால் படத்தின் பெரும் பகுதி அந்தக் கொண்டாட்டத்தின் விளைவுகளைப் பற்றியது. கட்டுப்பாடு நீங்கிய மறுநாளே கள்ளச் சந்தை வியாபாரிகள் தெருவை நிறைத்துவிடுகிறார்கள், சர்க்கார் முள்வேலி போட்டு எல்லையை அடைக்கிறது, தண்ணீர் நிறுத்தப்படுகிறது. முற்றுகையில் வாடும் அம்மக்களுக்கு லண்டன்வாசிகள் வேலிக்கு மேலாக உணவுப் பொட்டலங்களை வீசுகிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து குழாய் வழியே பால் இறங்குகிறது. பெர்லின் நகரை சோவியத் படைகள் முற்றுகையிட, நேச நாடுகள் வானூர்திகளில் உணவு கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரசிகர்களுக்கு அந்த ஒப்புமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிவில் புதையல் பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுக்கப்பட, பிம்லிகோ தாய்நாட்டோடு மீண்டும் இணைகிறது. புதிய பங்கீட்டுப் புத்தகங்கள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளப்படுகின்றன. வெயிலில் விரித்த விருந்தின் மீது இங்கிலாந்தின் மழை பெய்கிறது. துணிப் பங்கீடு நீங்கிய அடுத்த மாதத்திலேயே வெளியான இப்படத்தின் தொடக்கத்தில், அந்தப் பங்கீட்டுச் சீட்டுகளுக்கு மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தும் காட்சியும் உண்டு. சட்டத்துக்கு விடுமுறை விட்டுப் பார்த்து, அச்சட்டம் ஏன் தேவைப்பட்டதென்று மக்களே உணர்ந்து திரும்பும் கதை இது. கட்டுப்பாட்டை மேலிருந்து திணிப்பதற்கும் கீழிருந்து ஏற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சிரிப்புப் படம் வேறொன்று இருப்பதாக நான் அறியேன்.

இரண்டாவது, மக்கெண்ட்ரிக்கின் முதல் படமான 'விஸ்கி கலோர்'. 1941-இல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுள் ஒன்றான எரிஸ்கேக்கு அருகே, எஸ். எஸ். பொலிட்டீஷியன் என்ற கப்பல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கிப் புட்டிகளோடு தரைதட்டியது. தீவுவாசிகள் அச்சரக்கில் கைவைத்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அச்சம்பவத்தை வைத்துக் காம்ப்டன் மெக்கன்ஸி 1947-இல் எழுதிய நாவலே படமாயிற்று. பாரா என்ற தீவிலேயே, தீவு மக்களையும் சேர்த்துக்கொண்டு எடுக்கப்பட்ட இப்படத்தில், கப்பல் அருகில் மூழ்கிக்கொண்டிருந்தும் ஞாயிற்றுக்கிழமை முடியும் வரை ஒருவரும் கடலில் இறங்காமல் காத்திருக்கும் காட்சி கவனிக்கத்தக்கது. சர்க்காரின் சுங்கச் சட்டத்தை மீறத் துணிந்தவர்கள் தெய்வத்தின் ஓய்வு நாளை மீறத் துணியவில்லை. அவர்களுக்கும் சட்டம் உண்டு. ஆனால் அது தலைநகரத்தில் எழுதப்பட்ட சட்டமல்ல. அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, குழந்தையின் தொட்டிலுக்குள்கூடப் புட்டிகள் மறைகின்றன. அமெரிக்காவில் மதுவின் பெயரைத் தலைப்பில் வைக்கத் தடையிருந்ததால் இது 'டைட் லிட்டில் ஐலண்ட்' என்ற பெயரில் திரையிடப்பட்டது.

எனினும் மக்கெண்ட்ரிக்கின் பார்வை கிளார்க்கின் பார்வையினும் கூர்மையானது. சட்டத்தைக் காப்பாற்ற முயலும் காப்டன் வாகெட், பாஸில் ராட்ஃபோர்டின் நடிப்பில், முட்டாளாக மட்டும் தோன்றுவதில்லை. தன் கடமையைச் செய்த காரணத்துக்காகவே ஊரார் அனைவரும் சேர்ந்து ஏமாற்றி, அவமானப்படுத்தி அனுப்பும் மனிதனாகவும் அவன் நிற்கிறான். ஒன்றுபட்ட சமூகம் தனக்குப் புறம்பானவனை எத்தனை இரக்கமின்றி நசுக்கும் என்ற உண்மை, சிரிப்பின் நடுவே இங்கே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

ஹாமரின் தனிவழி

மூன்றாவது படமான 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' ஈலிங்கின் கூட்டுணர்ச்சியை அடியோடு புறக்கணிப்பது. ராய் ஹார்னிமன் 1907-இல் எழுதிய 'இஸ்ரேல் ராங்க்' என்ற நாவலைத் தழுவி, ராபர்ட் ஹாமர் இயக்கியது. நாவலில் பாதி யூதனாக இருந்த கதாநாயகனை, யூதர்கள் அனுபவித்த கொடுமைக்குப் பின் அவ்விதமே வைப்பது தகாதென்று, பாதி இத்தாலியனாக மாற்றினார்கள். இத்தாலியப் பாடகன் ஒருவனை மணந்ததற்காகப் பிரபுக் குடும்பம் தன் தாயைத் தள்ளிவைத்ததையும், இறந்த பின் அவளுக்குக் குடும்பக் கல்லறையில் இடம் மறுத்ததையும் பொறுக்காத லூயி மாஜினி, சால்ஃபாண்ட் கோமகன் பட்டத்துக்கும் தனக்கும் இடையிலுள்ளவர்களை வரிசையாக அகற்றத் தொடங்குகிறான். ஆறு கொலைகளை அவன் செய்கிறான். மற்ற இருவர் தாமாகவே இறந்து அவன் சிரமத்தைக் குறைக்கிறார்கள்.

அக்குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே தோன்றினார். இலங்கையின் கிதுல்கலையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' வாயிலாக நம்மவர் பலருக்கு அறிமுகமான அதே நடிகர் அவர். பாதிரி, தளபதி, கடற்படைத் தலைவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடும் சீமாட்டி எனத் தோற்றம் மாறினாலும், எல்லோருடைய முகத்திலும் ஒரே இரத்தத்தின் அலட்சியம் தெரிவதுதான் அந்த நடிப்பின் சாதனை. அவர்களில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் காட்சியளிக்கும் இடத்துக்காக, ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் காமிராவை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு பகுதியாக மறைத்து, அதே பிலிமையே திரும்பத் திரும்பச் சுழற்றிப் பதிவு செய்தார். இவ்வளவு இருந்தும், படத்தைத் தாங்குவது டென்னிஸ் பிரைஸின் குரலே. கொலைகாரன் தன் வரலாற்றைத் தானே எழுதுவதாக அமைந்த கதையில், அருவருக்கத்தக்க செயலும் அப்பழுக்கற்ற நடையும் ஒரே வாக்கியத்தில் இணைந்து வரும்போது, பண்பாடு என்று நாம் போற்றுவதில் எவ்வளவு வெறும் நடையே என்ற ஐயம் எழுகிறது. செய்யாத ஒரு கொலைக்காகப் பிரபுக்கள் சபையின் விசாரணைக்கு உள்ளாகி, விடுதலையும் பெற்று வெளிவந்த மாஜினிக்கு, தன் வரலாற்றைச் சிறையறையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வருவதோடு படம் முடிகிறது. குற்றம் தண்டனையின்றித் தப்பக் கூடாதென்ற விதியை முன்னிட்டு, அமெரிக்கப் பிரதியில் அந்த ஏடுகள் அதிகாரிகள் கையில் சிக்குவதாகச் சில விநாடிகள் சேர்க்கப்பட்டன. ஹாமர் தொங்கவிட்ட வினாவுக்கு விடை எழுதிவிட்ட அந்தச் சேர்க்கை, கலைக்கு இழைத்த தீங்கு என்பதே என் அபிப்பிராயம்.

1951: தங்கமும் வெள்ளை உடையும்

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த இரு படங்கள் முன்பு எழுந்த வினாவை இரு திசைகளில் நடத்திச் சென்றன. கிளார்க்கும் கிரைட்டனும் சேர்ந்தளித்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தில், இருபது ஆண்டுகளாகத் தங்கக் கட்டிகளை வண்டியில் காவல் காத்து வந்த ஓர் எளிய வங்கிச் சிப்பந்தி, அத்தங்கத்தை உருக்கி ஐஃபல் கோபுரப் பொம்மைகளாக வார்த்து வெளிநாட்டுக்குக் கடத்தத் திட்டமிடுகிறான். கின்னஸின் அடக்கமான முகத்தில் மெல்ல மலரும் அந்தத் துணிவை, நேர்மைக்கும் ஏழ்மைக்கும் இடையே ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்த லட்சக்கணக்கான குமாஸ்தாக்கள் தங்கள் கனவாகவே கண்டிருப்பார்கள். இப்படத்தின் கதைக்காகக் கிளார்க் ஆஸ்கார் பரிசு பெற்றார். முடிவில் கதாநாயகன் கையில் விலங்கு தெரிகிறது. கனவுக்கு அனுமதி உண்டு, ஆனால் விடியும் வரைதான்.

மக்கெண்ட்ரிக்கின் 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' இன்னும் ஆழமாக ஊடுருவுகிறது. சிட்னி ஸ்ட்ராட்டன் என்ற இளம் ரசாயன விஞ்ஞானி, ஒருபோதும் கிழியாத, அழுக்கே ஒட்டாத இழையொன்றைக் கண்டுபிடிக்கிறான். மனித குலத்துக்கு நன்மை செய்துவிட்டோம் என்று அவன் பூரிக்கும் வேளையில், துணி மறுபடி விற்காதே என்று ஆலை முதலாளிகளும், வேலை போய்விடுமே என்று தொழிலாளர்களும் ஒருங்கே அஞ்சுகிறார்கள். தொழிற்சாலையில் பகைவர்களாக நிற்கும் இரு தரப்பும் அவனைப் பிடிப்பதில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன. பிறர் துணியை வெளுத்துப் பிழைக்கும் கிழவி ஒருத்தி, துவைக்க ஒன்றுமே இல்லாமல் போனால் தன் கதி என்னவென்று அவனைக் கேட்கும் இடத்தில், விஞ்ஞானம் விடை சொல்ல முடியாமல் திகைத்து நிற்கிறது. கடைசியில் இரவுத் தெருவில் கூட்டம் அவனை வளைத்துக்கொள்ள, அந்த வெள்ளை உடை பஞ்சாகப் பிய்ந்து போகிறது. கூட்டம் நிம்மதியோடு சிரிக்கிறது.

'ஹியூ அண்ட் கிரை' படத்தின் முடிவில் ஓடிவந்த அதே கூட்டம்தான் இங்கேயும் ஓடிவருகிறது. அங்கே அது நீதியின் சேனை. இங்கே புதுமையை வேட்டையாடும் கும்பல். நான்கே ஆண்டுகளில் ஈலிங் தன் மூலக் கொள்கையைத் தானே குறுக்கு விசாரணை செய்துவிட்டது. மக்கெண்ட்ரிக் எந்தத் தரப்புக்கும் வெற்றியைக் கொடுக்கவில்லை: முதலாளியின் பயத்தில் நியாயமில்லை என்றாலும் கிழவியின் பயத்தில் நியாயம் உண்டு, விஞ்ஞானியின் நோக்கம் தூயது என்றாலும் பிறர் வாழ்வைப் பற்றிய சிந்தனை அவனுக்கு இல்லை. மறுநாள் தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தவறு எங்கே என்று கண்டுகொண்டு அவன் நடந்து செல்ல, அவனுடைய சோதனைக் கருவியின் குமிழோசை மீண்டும் ஒலிக்கிறது. இயந்திரங்கள் மனிதனின் வேலையைப் பறிக்கும் இந்நாளிலும் அப்படத்தில் ஒரு காட்சிகூடப் பழமையடையவில்லை.

இறுதிக் கட்டம்

1951-இல் கன்சர்வேடிவ் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது; பங்கீடு படிப்படியாக நீங்கியது. மக்களை ஒன்றுபடுத்திய தட்டுப்பாடு மறையவே, ஒற்றுமையைக் கொண்டாடும் கதைகளும் தளர்ந்தன. 1953-இல் வர்ணத்தில் வந்த 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்', மூடப்படவிருந்த கிராமத்து ரயில் பாதையை ஊரார் தாமே நடத்தும் கதை. காட்சிக்கு மிக அழகானது. பழைய இயந்திரத்தின் மீதுள்ள பிரியம் உண்மையானது. ஆனால் ரயிலைக் காப்பாற்றப் பணம் கொடுப்பவர் ஒரு செல்வந்தர். அவர் கொடுப்பதும் காலையிலேயே ரயிலில் மது அருந்தலாம் என்பதற்காக. பிம்லிகோ மக்கள் எதிர்காலத்தைப் பற்றி விவாதித்தார்கள். டிட்ஃபீல்ட் மக்களோ கடந்த காலத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஈலிங் படங்கள் சுயதிருப்தியில் ஆழ்ந்தவை என்ற குற்றச்சாட்டு பொருந்துவது இப்படத்துக்குத்தான்.

1955-இல் வில்லியம் ரோஸ் எழுதி மக்கெண்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்' அந்தப் பத்திரப்படுத்தலையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தின் அருகே, குண்டுவீச்சில் அஸ்திவாரம் அசைந்து சாய்ந்த வீட்டில் தனியே வாழும் விதவை திருமதி வில்பர்ஃபோர்ஸிடம், சங்கீதக் குழுவினர் என்று சொல்லிக்கொண்டு ஐந்து கொள்ளைக்காரர்கள் அறை எடுக்கிறார்கள். உண்மை தெரிந்து அவள் கண்டிக்கும்போது, அவளைக் கொல்ல ஒருவருக்கும் கை எழவில்லை. மாறாக ஒருவர்பின் ஒருவராக அவர்களே மடிந்து, சரக்கு ரயில் பெட்டிகளில் விழுந்து மறைகிறார்கள். அவள் சொல்லும் உண்மையைப் போலீசார் நம்பாததால் கொள்ளைப் பணம் அவளிடமே தங்கிவிடுகிறது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய கேட்டி ஜான்சன் இவ்வேடத்துக்காகப் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

சாய்ந்த அந்த வீட்டை விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தாகக் கொள்வது மிகையாகாது. அது பலமிழந்தது, உலக நடப்பு அறியாதது. ஆயினும் அதன் ஒழுக்க நம்பிக்கைக்கு முன் புதிய காலத்தின் தந்திரசாலிகள் எவராலும் நிற்க முடியவில்லை. அது அவர்களை வென்றது தன் குற்றமின்மையால். ஆனால் முடிவில் திருட்டுப் பணத்தின் மீதே வாழப்போகிறது. போற்றுவதா, கண்டிப்பதா என்று தீர்மானிக்க முடியாத இந்த இரட்டை உணர்ச்சியே மக்கெண்ட்ரிக்கின் மேதைமை. அதே ஆண்டில், பண நெருக்கடியினால் பால்கன் ஸ்டூடியோக் கட்டடங்களை பி. பி. சி.க்கு விற்க நேர்ந்தது. மக்கெண்ட்ரிக் அமெரிக்கா சென்று 1957-இல் 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்' என்ற கடுமையான படத்தை எடுத்தார். ஹாமர் 1963-இல் மறைந்தார். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் தொட்ட உயரத்தை அதன் பிறகு அவர் ஒருமுறைகூட எட்டவில்லை.

இப்படங்களுக்குக் குறைகள் உண்டு. பெண்களுக்கு, ஜோன் கிரீன்வுட் போன்ற ஓரிருவர் நீங்கலாக, சிறு இடமே தரப்பட்டது. சாம்ராஜ்யம் கலைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதைப் பற்றி அவை ஏறக்குறைய மௌனமே சாதித்தன. எனினும் ஒரு கூட்டத்தார் தாம் போற்றிய கொள்கையை எட்டே ஆண்டுகளில் கொண்டாடி, ஐயுற்று, சோதித்து, அதன் முடிவையும் தாமே எழுதி வைத்தது சினிமா வரலாற்றில் அபூர்வமான செயல். ஆகையால் ரசிகர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: இவற்றுள் ஒன்றைத் தனியே பார்த்து இதமாகச் சிரித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ', 'தி மேன் இன் தி ஒயிட் சூட்', 'தி லேடிகில்லர்ஸ்' என்ற மூன்றையும் அவை வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு தேசம் தன் மனச்சாட்சியோடு நடத்திய விவாதத்தை முழுமையாகக் கேட்டவர்களாவீர்கள்.